உப்புத்தாளுக்கு அடியில் இரண்டு இலக்கங்கள்

பழைய துப்பாக்கி ஒன்றுக்குச் சேகரிப்பாளர்களிடம் என்ன விலை கிடைக்கும் என்று ஒரு குடும்பத்துக்கு மதிப்பிட்டுக் கொடுத்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்று மீண்டும் படித்தாலும் அதில் ஒரு வரியைக்கூட மாற்றத் தோன்றவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த, எண்பது வயதை நெருங்கிய அம்மையார் கடைசியாகக் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. “அவர் அதைத் தொடாமலே விட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும்?” என்று கேட்டார். ‘அவர்’ என்றது மறைந்த கணவரை. அவருக்கு நான் ஒரு விடை சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்பதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதிப் பார்த்தால்தான் தெளியும் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

வீடு கனடாவின் ஹாமில்டன் நகரில் இருந்தது. துப்பாக்கி, லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 (டி). ‘முந்நூற்று மூன்று’ என்று நம் ஊர்க் காவலர்களின் தோளில் பார்த்துப் பழகிய .303 வகையின் பிற்காலப் பிள்ளை இது. அந்த அடைப்புக்குறிக்குள் நிற்கும் ஓர் எழுத்துதான் எல்லா வேறுபாட்டுக்கும் காரணம். இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் நம்பர் 4 துப்பாக்கிகள் நாற்பது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவற்றில் தொழிற்சாலையின் சோதனைக் களத்தில் குண்டுகளை நெருக்கமாக ஓரிடத்திலேயே சேர்த்தவற்றைத் தனியே எடுத்துவைத்தார்கள். 1942 முதல் அப்படித் தேர்ந்தவற்றின் பெரும்பகுதி, செல்வந்தர்களின் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற லண்டன் நிறுவனமான ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கே தொலைநோக்கி பொருத்தி, கன்னத்தை வைத்துக் குறிபார்க்க மரத்தாலான ஒரு மேடை திருகி, மறைந்திருந்து சுடுபவர்களுக்கான ஆயுதமாக மாற்றினார்கள். அப்படி மாறியவை இருபதாயிரத்துக்கு மேல். அவற்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை 1970-களில் எல்42ஏ1 என்ற வேறு வகையாக மீண்டும் மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே சாதாரண நம்பர் 4 ஒன்றை நூறுகளில் வாங்கிவிடலாம். முழுமையான (டி) ஒன்றுக்கு ஆயிரங்களில் கொடுக்க வேண்டும். இந்த இடைவெளி பெரிதாக இருப்பதால்தான், சாதாரணத் துப்பாக்கியை (டி) போல ஆக்கி விற்கும் பழக்கமும் பெருகியது. போலித் தொலைநோக்கிகளும் அவற்றைத் தாங்கும் போலி பிராக்கெட்டுகளும் புதிதாகவே செய்யப்பட்டுக் கிடைக்கின்றன.

எனக்கு இதில் நாட்டம் வந்தது என் தொழில் வழியாக. மிசிசாகாவில் இயந்திர உதிரிப்பாகங்களை அளந்து பார்த்து ஏற்கும் தரப் பரிசோதகனாக நெடுங்காலம் வேலை பார்த்தேன். அதே நகரின் ஏரிக்கரையில், போர்க்காலத்தில் லாங் பிராஞ்ச் என்ற பெயரில் நம்பர் 4 துப்பாக்கிகளைச் செய்த ஆலையின் பரிசோதனைக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. இப்போது அது கலைக்கூடம். அந்த ஆலையில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். என்னைப் போலவே அளவுமானிகளை வைத்துக்கொண்டு, இது சரி, இது சரியில்லை என்று முத்திரை குத்தியவர்கள் அவர்கள். அந்தச் சிறு முத்திரைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய நான், பதினைந்து ஆண்டுகளில் தெரிந்தவர்கள் கேட்டால் மதிப்பீடு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வந்தேன். இதற்குப் பணம் வாங்குவதில்லை. நான் மதிப்பிட்ட பொருளை நானே வாங்குவதும் இல்லை. மதிப்பிடுபவனே வாங்குபவனாகவும் இருந்தால் அந்த எண்ணை எவரும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரும்பில் இருந்தவை

அம்மையாரின் மகன் உரிமம் உள்ளவர். தந்தை இறந்த பின் துப்பாக்கி அவர் பொறுப்பில் இருந்தது. அவர்தான் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் விரித்த போர்வைமேல் வைத்தார். நான் முதலில், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா நிற்கும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டேன். தள்ளி நின்று பார்த்தபோது அது மிக அழகாக இருந்தது. மரம் தேன் நிறத்தில் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு இரும்பிலிருந்து தொடங்கினேன். வரிசை மாறினால் கண் தனக்கு வேண்டியதை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடும்.

தோள்கட்டை வந்து செருகும் இரும்புக் கூட்டின் இடப்பக்கத்தில் எம்47சி என்ற குறியும் 1944 என்ற ஆண்டும் இருந்தன. அந்தக் குறி பர்மிங்காமை அடுத்த ஷர்லியில் பிஎஸ்ஏ என்ற ஆயுத நிறுவனம் நடத்திய ஆலைக்கு உரியது. போர்க்காலத்தில் எதிரி விமானங்களுக்கு இடம் தெரியக் கூடாது என்பதற்காக ஆலைகளின் பெயருக்குப் பதிலாக இப்படிக் குறிகளையே பொறித்தார்கள். அருகில் டிஆர் என்ற இரண்டு எழுத்துகள். தொலைநோக்கிக்கென்று தேர்ந்தெடுத்த துப்பாக்கிகளில் பிஎஸ்ஏ இட்ட அடையாளம் அது. ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் இரும்பு உடலின், இடப்பக்கத்தில் மாற்றும் வேலை முடிந்ததற்கான தனி ‘டி’. தொலைநோக்கியின் பிராக்கெட் உட்காரும் இரண்டு இரும்புத் திண்டுகள், முன்னால் வட்டமும் பின்னால் நீள்சதுரமுமாக, திருகுகள் அசையாதபடி ஓரம் குத்தப்பட்டு, எவரும் கழற்றிய தடயமின்றி இருந்தன. பின் குறிமுகப்பில், அருகில் சுடுவதற்கான சிறு வளையம் நீக்கப்பட்டிருந்தது. தொலைநோக்கிக்கு இடம்விட அப்படித்தான் செய்தார்கள். போல்ட்டின் கைப்பிடியில் உள்ள எண் ரிசீவர் எண்ணோடு பொருந்தியது. குழலுக்குள் மரை கூர்மையாக இருந்தது. அக்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்தபின் உப்பை விட்டுச் செல்லும். கொதிநீர் ஊற்றிக் கழுவாத குழல்களைத் துரு தின்றுவிடும். இதை யாரோ ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்கள்.

அடுத்து பிராக்கெட். உண்மையான (டி) துப்பாக்கிகளில், பிராக்கெட்டின்மேல் அது எந்தத் துப்பாக்கிக்காகச் சரிசெய்யப்பட்டதோ அதன் தொடர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். திண்டுகளைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருத்தியதால், ஒன்றின் பிராக்கெட் இன்னொன்றில் ஏறினாலும் குறி சரியாக நிற்காது. இங்கே அந்த எண் ரிசீவரின் எண்ணேதான். இலக்கங்களின் உருவமும் பள்ளத்துக்குள் இருந்த பழைய கறுப்பும் ஐயத்துக்கு இடம் தரவில்லை. இந்த இடத்தில் என் பேனா சற்று வேகமாகவே ஓடியது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் மகன் ஒரு கதை சொன்னார். அவருடைய தாத்தா 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்ட்டோனா நகரத் தெருக்களில் நடந்த சண்டையில் கனடியப் படையில் இருந்தவர். அங்கே இந்தத் துப்பாக்கியை ஏந்தியிருந்து, போர் முடிந்ததும் ஊருக்குக் கொண்டுவந்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. நான் 1944 என்ற ஆண்டைக் காட்டினேன். பிறகு குழலின் அடியில் இருந்த வேறு சில முத்திரைகளையும் காட்டினேன். பிரிட்டனில் படைத்துறை கழித்துவிட்ட துப்பாக்கியைப் பொதுமக்களுக்கு விற்கும் முன், லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, அளவையும் ‘18.5 டன்’ என்ற அழுத்தத்தையும் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். படைவீரர் ஒருவர் தம் மூட்டையில் கொண்டுவந்த துப்பாக்கியில் அந்த முத்திரை இருக்காது. இது போருக்குப் பின் பிரிட்டனில் கடைச்சரக்காக விற்கப்பட்டு, கப்பலேறி இங்கே வந்தது. தாத்தா ஓர்ட்டோனாவில் சண்டையிட்டது உண்மையாகவே இருக்கலாம். இந்தத் துப்பாக்கி அங்கே இருந்திருக்க முடியாது. ‘துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வதுண்டு. இரக்கமற்ற சொல் போலத் தோன்றினாலும், எழுத்தில் ஆதாரம் இல்லாத கதைக்கு நான் ஒருபோதும் விலை சேர்த்ததில்லை. அம்மையார் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையசைத்துவிட்டு, தம் மாமனார் பேசாத மனிதர் என்றும், அந்தக் கதையை அவர் வாயால் தாம் கேட்டதே இல்லை என்றும் மட்டும் சொன்னார்.

மரத்தில் இல்லாதவை

இனி மரத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. தோள்கட்டை இரும்புக் கூட்டைச் சந்திக்கும் இடத்தில் விரலை ஓட்டினேன். ஆலையிலிருந்து வந்த துப்பாக்கியில் மரம் இரும்பைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். இங்கே இரும்பின் விளிம்பு விரலில் தட்டியது; மரம் தாழ்ந்திருந்தது. தோளில் பதியும் பின்தகட்டைச் சுற்றியும் அப்படியே. அடிப்பக்கத்தில், ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் குறியான எஸ்51 இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. ஆளி விதை எண்ணெய் ஊறிக் கறுத்திருக்க வேண்டிய வால்நட் மரத்தின்மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ். கணவர் ஓய்வு பெற்ற ஆண்டின் குளிர்காலத்தில், கார் கொட்டகையில் உட்கார்ந்து, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மிக மென்மையானதுவரை படிப்படியாகத் தேய்த்து, ஆறு பூச்சுப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு நாள் காயவிட்டு முடித்தார் என்று அம்மையார் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். வேலை உண்மையிலேயே திருத்தமானது. ஒரு மேசைக்கோ தொட்டிலுக்கோ செய்திருந்தால் நானே மனமாரப் பாராட்டியிருப்பேன்.

அவர் தேய்த்து அழித்தவற்றில் மிக முக்கியமானது கைப்பிடிக் கழுத்தின் மேற்புறத்தில் இருந்தது. பிராக்கெட்டில் துப்பாக்கியின் எண் இருப்பதுபோல, மரத்தின் கழுத்தில் தொலைநோக்கியின் எண் குத்தப்பட்டிருக்கும். இன்ன துப்பாக்கிக்கு இன்ன தொலைநோக்கி என்பதைத் துப்பாக்கியே சொல்வது அந்த ஓர் இடத்தில்தான். மேசைமேல் இருந்த நம்பர் 32 மார்க் 2 தொலைநோக்கி 1944-ஆம் ஆண்டுடையது. போலி இல்லை, திருகு உருளைகள் மெதுவாக, சீரான சொடுக்கோடு சுழன்றன. வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் பிசின் மட்டும் ஓரத்தில் சற்று மஞ்சளித்திருந்தது. ஆண்டும் வகையும் துப்பாக்கியின் காலத்தோடு பொருந்துகின்றன. ஆனால் பொருந்தக்கூடியது என்பது வேறு, இதற்கே உரியது என்பது வேறு. நீக்கப்பட்ட தொலைநோக்கிகள் எத்தனையோ தனியே விற்கப்பட்டன. எவர் வேண்டுமானாலும் ஒன்றை வாங்கி இந்தப் பிராக்கெட்டில் மாட்டியிருக்கலாம். தொலைநோக்கியை வைக்கும் தகரக் குப்பியும், எல்லாவற்றையும் வைக்கும் மரப்பெட்டியும் இந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அறையின் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். கையடக்க டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் கழுத்தின் மேல் படிந்து ஓடும்படி மெல்ல நகர்த்தினேன். எஃகு அச்சை மரத்தில் ஓங்கிக் குத்தும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்தின் அடியில் உள்ள நார்களும் நசுங்குகின்றன. மேல்மரத்தைத் தேய்த்து எடுத்தாலும் நசுங்கிய நார்கள் சில வேளைகளில் அடியில் எஞ்சும். அவை வார்னிஷை வேறுவிதமாக உறிஞ்சும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெளிச்சத்தை இடமிருந்து வலமாக மாற்றிப் பிடித்தபோது, மூச்சுக் காற்று படிந்த கண்ணாடியில் தெரிவதுபோல ஒரு வளைவு தெரிந்தது. அது 7. அதற்கு இரண்டு இடம் தள்ளி ஒரு 3. மற்றவை இல்லை. தொலைநோக்கியின் ஐந்து இலக்க எண்ணை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது இலக்கம் 7, நான்காவது இலக்கம் 3.

மகனும் பார்த்தார். அவர் பார்த்த பிறகுதான் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். எண் நமக்குத் தெரியும். அது இதே இடத்தில் இருந்தது என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. இலக்க அச்சுகள் இரும்புக் கடையில் கிடைக்கின்றன. அப்பா தெரியாமல் அழித்ததை அதே இடத்தில் மறுபடி குத்திவிட்டால் என்ன தவறு, பொய்யான எண் ஒன்றையும் நாம் எழுதவில்லையே என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். விலை கூடும் என்ற ஆசையைவிட, தந்தையின் பிழையைத் தந்தையின் பேரிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்ற தவிப்பே அந்தக் கேள்வியில் இருந்தது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கூடாது என்று சொன்னேன். அந்த எண்ணின் மதிப்பு ஐந்து இலக்கங்களில் இல்லை. தொலைநோக்கியும் துப்பாக்கியும் கண்முன் சேர்ந்திருந்தபோது, அதற்குப் பொறுப்பான ஒரு கை அதைக் குத்தியது என்பதில் இருக்கிறது. நாளை நாம் குத்தும் எண் அதே எண்ணாகவே இருந்தாலும், அதைப் பார்ப்பவர் 1944-இல் லண்டனில் நடந்ததற்கு ஒருவர் சாட்சி சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்வார். அந்தச் சாட்சி அங்கே இல்லை. நான் தொழிலில் இருந்தபோது, சரியான அளவில் இருந்த ஒரு பாகத்துக்கு, அளக்காமலே முத்திரை குத்திய ஒருவரை எங்கள் ஆலை வேலையிலிருந்து நீக்கியது. பாகம் சரியாகத்தான் இருந்தது, முத்திரை பொய். அன்று அது எனக்கு மிகக் கடுமையான தண்டனையாகப் பட்டது. ஹாமில்டனில் அந்த மேசைமுன் உட்கார்ந்திருந்தபோது அதன் நியாயம் முழுமையாக விளங்கியது. ஈரத்துணி வைத்து ஆவி பிடித்தால் நசுங்கிய நார் உப்பி எழும், மற்ற இலக்கங்களும் தெரியலாம் என்பது எனக்குத் தெரியும். அதையும் செய்ய வேண்டாம் என்றேன். எஞ்சியிருக்கும் இரண்டு இலக்கங்களும் அதில் போய்விட்டால், பிறகு சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இருக்காது. பதிலாக, வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி மாற்றி நாற்பது படங்கள் எடுத்தேன்.

எண்ணைப் போடுவது

விலையை எப்படிக் கண்டேன் என்று சொல்கிறேன். இந்த வேலையைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. இணையத்தில் எவரோ கேட்கும் விலை, விலை அன்று. ஓராண்டாக விற்காமல் கிடக்கும் பொருளின்மேல் எழுதியிருப்பது அதன் சொந்தக்காரரின் விருப்பம் மட்டுமே. ஏலங்களில் உண்மையில் போன தொகையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலும் வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கூடுதலாகச் செலுத்திய கட்டணம் சேர்ந்திருக்கிறதா, சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். விற்பவர் கைக்கு வருவது இரண்டையும்விடக் குறைவு. அமெரிக்காவில் போன விலையை அப்படியே கனடாவுக்குக் கொண்டுவரவும் முடியாது. எல்லை தாண்டுவதற்கான அனுமதிகளின் சிரமமே இரு சந்தைகளையும் பிரித்துவைக்கிறது. சட்டங்கள் மாறிக்கொண்டிருப்பதால் இங்கே வாங்குபவர்கள் சற்றுத் தயங்குகிறார்கள். தயக்கமும் விலையில் ஏறுகிறது.

முதலில் தரையை அளந்தேன். தொலைநோக்கி இதற்கு உரியதே அன்று என்று வைத்துக்கொண்டால், மெய்யான (டி) துப்பாக்கி ஒன்று, அதற்கே உரிய எண்ணிட்ட பிராக்கெட், தொடர்பில்லாத நல்ல தொலைநோக்கி ஒன்று என மூன்றையும் தனித்தனியே விற்றால் என்ன வரும் என்று கூட்டினேன். இதைக் கணக்கிடும்போதெல்லாம் எனக்கு மனம் கூசும். பிரித்து விற்றால் கூடுதலாக வரும் என்று சொல்லிப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எண்பது ஆண்டு சேர்ந்திருந்தவற்றை ஒரே பிற்பகலில் பிரித்துவிடுவார்கள். இருந்தாலும் இதற்குக் கீழே விலை போகாது என்பதைக் காட்ட வேறு வழியில்லை. அடுத்து கூரை. எல்லா எண்களும் பொருந்தி, மரத்தில் எவரும் கை வைக்காமல், குப்பியும் பெட்டியும் இல்லாத ஒன்று அண்மையில் போன தொகை அது. அந்தக் கூரையை 100 என்று வைத்தால் தரை 55-ஐ ஒட்டி வந்தது. நம்முடையது இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதுதான் மதிப்பீடு. இரும்பு குறையில்லாதது. மரம் அதற்கே உரியதாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தேய்க்கப்பட்டது. தொலைநோக்கிக்கு இரண்டு இலக்கச் சாட்சி. 60-க்கும் 70-க்கும் நடுவில் என்று எழுதினேன். இரண்டு இலக்கங்கள் தற்செயலாகப் பொருந்த நூற்றில் ஒரு வாய்ப்பே உண்டு என்று மகன் கணக்கிட்டுச் சொன்னார். கணக்கு சரிதான், ஆனால் அது இரண்டு இலக்கங்களும் உறுதியாகத் தெரிந்திருந்தால் பொருந்தும் கணக்கு. எண்ணைத் தெரிந்துகொண்டு பார்க்கும் கண் அதையே காணும் என்பதால், நான் பார்த்த வரிசையையும் எழுதிவைத்தேன்: முதலில் மரம், பிறகு தொலைநோக்கி.

அந்தக் கேள்வி

இவ்வளவையும் நான் படித்துக் காட்டி முடித்த பிறகுதான் அம்மையார் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் தொடாமல் விட்டிருந்தால் எவ்வளவு? மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்திருக்கலாமா என்று மகன் இழுக்க, நான் திருத்தினேன்: முழு விலையில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறோம், இப்போதைய விலையோடு ஒப்பிட்டால் இழப்பு ஏறத்தாழ அந்த விலையில் பாதி. என் வாய் அந்தக் கணக்கைத் திருத்தமாகச் சொல்லிவிட்டது. அம்மையார் துப்பாக்கியின் கழுத்தில் கையை வைத்து இரண்டு முறை தடவினார். “ஆறு பூச்சு,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தத் திருத்தத்தைத்தான் நான் மனத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன். அவர் கேட்டது எண்ணைத்தானா? வேறு ஏதாவதா? எண்ணைக் கேட்டவருக்கு எண்ணைச் சொல்லாமல் ஆறுதல் சொல்வது அவரைக் குழந்தையாக்குவது என்று ஒருபுறம் தோன்றுகிறது. மறுபுறம், இந்த அளவுகோலே எவ்வளவு தூரம் நியாயமானது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வருகிறது. படையில் இருந்த காலத்தில் இவற்றின் தொலைநோக்கிகள் உடைந்தன, பழுதாயின, மாற்றப்பட்டன. களத்தில் மிகுதியாக உழைத்த துப்பாக்கிக்கு எண் பொருந்தாமல் போகும் வாய்ப்பு கூடுதல். கிடங்கில் அசையாமல் கிடந்ததற்கு எல்லாம் பொருந்தும். பொருத்தத்துக்கு நாம் கொடுக்கும் விலை, உழைக்காமல் இருந்ததற்கு நாம் கொடுக்கும் பரிசாகவும் ஆகிவிடுகிறது. கனடாவின் வட துருவப் பகுதியில் காவல் செய்யும் ரேஞ்சர்கள் 1947 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சாதாரண நம்பர் 4-ஐயே ஏந்தினார்கள். 2018-இல்தான் புதியது வரத் தொடங்கியது. பனியிலும் உப்புக்காற்றிலும் அடிபட்ட அந்தக் கட்டைகளில் எத்தனையோ முறை எவரெவரோ எண்ணெய் தேய்த்திருப்பார்கள், உப்புத்தாளும் போட்டிருப்பார்கள். அவற்றை நான் குறைவாக நினைப்பதில்லை.

அப்படியானால் கார் கொட்டகையில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒருவர் செய்த வேலையை மட்டும் ஏன் இழப்பின் பத்தியில் எழுதினேன்? இதை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் நான் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். ரேஞ்சரின் கட்டையில் நடந்தது அந்தத் துப்பாக்கியின் வேலையினால் நடந்தது. இங்கே நடந்தது, வேலை முடிந்த ஒன்றின்மேல், அது என்ன என்று தெரியாத அன்பினால் நடந்தது. சேகரிப்பாளர் இரும்பையும் மரத்தையும் வாங்குவதில்லை, அவற்றின்மேல் பதிந்த சாட்சியத்தையே வாங்குகிறார் என்று நான் நம்புகிறேன். சாட்சியம் குறைந்தால் விலை குறையும். அதைக் குறைத்தவர் நல்லவரா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இடமில்லாததை நான் அந்த அம்மையாரிடம் தனியே, கணக்குக்கு வெளியே, சொல்லியிருக்க வேண்டும். திருத்தமான வேலை என்று நான் நினைத்ததை நினைத்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று பக்கங்களில் மாற்ற ஒன்றுமில்லை என்று தொடக்கத்தில் சொன்னது அந்தப் பக்கங்களைப் பற்றித்தான். மேசையில் பேசியதைப் பற்றி அல்ல. இரண்டு மாதம் கழித்து அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் துப்பாக்கியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆறு பூச்சையும், இடையே இரண்டு நாள் காயவிட்ட பொறுமையையும், பின்தகட்டின் வளைவில்கூட உப்புத்தாளின் கீறல் ஒன்றுகூடத் தெரியாததையும் மட்டும் எழுதினேன்.

கோடையில் துப்பாக்கி விற்பனையாயிற்று. வாங்க வந்தவர் கிங்ஸ்டனிலிருந்து வந்த, என்னைவிட வயதில் மூத்த சேகரிப்பாளர். என் மூன்று பக்கங்களையும் படங்களையும் முன்பே அனுப்பியிருந்தோம். அவரும் முதலில் இரும்பையே பார்த்தார். பிறகு தம் சட்டைப் பையிலிருந்து சிறு டார்ச்சை எடுத்து, திரைச்சீலையை இழுக்கச் சொல்லி, கழுத்தின்மேல் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தமக்கு 7 தெரிகிறது, 3 தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறது என்றார். நான் எழுதிய எல்லையின் நடுவே ஒரு தொகையைச் சொன்னார். மகன் ஒப்புக்கொண்டார். 2022 முதல் உள்ள நடைமுறைப்படி வாங்குபவரின் உரிமத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒப்புதல் எண் பெறும்வரை எல்லாரும் தேநீர் குடித்தோம். அப்போது அம்மையார் அவரிடம், வார்னிஷை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டார். எடுத்தால் அடியில் இருக்கும் இரண்டு இலக்கமும் போய்விடும், ஆகவே இப்படியேதான் இருக்கும் என்றார் அவர்.